சாவடிச் சுவரில் உன் பேர்

என் அருமை மச்சான் கருப்பண்ணனுக்கு,

எழுதுகிறவன் நான்தான், சிரிக்காதே. மருமகள் சொல்லிக் கொடுத்து, இந்த வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. மெதுவாகத்தான் வருகிறது. இந்த நான்கு வரிக்குள் வெயில் வாசலைத் தாண்டிவிட்டது. ஆனாலும் முதல் கடிதம் உனக்கென்றே வைத்திருந்தேன்.

போன பொங்கல் சடுகுடுவில் உன் மகன் செல்லமுத்து உன் பிடியைப் போட்டான். பாடி வந்தவன் காலைத் தன் இரண்டு காலுக்கும் நடுவில் கத்தரிபோலப் பூட்டிச் சாய்ப்பாயே, அதேதான். ஊரில் இன்றும் அதற்குக் கருப்பண்ணன் பிடி என்றுதான் பேர். விழுந்தவன் தம்மம்பட்டிக்காரன். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாததா?

என் காலை நீ முறித்த அன்று, நீயே என்னை முதுகில் சுமந்துகொண்டு கட்டுப் போடுகிறவரிடம் ஓடினாய். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் கிடந்த நாளெல்லாம் கஞ்சி கொண்டுவந்தாய். கடைசியில் உன் தங்கை பாவாயியையும் கொடுத்தாய். "காலு நேரா இருந்திருந்தா எங்க ஊட்டுக்கு வழியே தெரிஞ்சிருக்காது உங்களுக்கு" என்று அவள் இன்றைக்கும் கேலி பேசுகிறாள்.

தம்மம்பட்டிக்காரன் கால் கூடிவிட்டது, பயப்படாதே. ஆனால் இந்தத் தடவை அவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். "அந்தப் புடி இருந்துச்சுன்னா ஆட வரமாட்டோம். காலு போயிட்டா ஏரு யாரு ஓட்டுறது?"

ஆட்டத்துக்கு நடுவர் நான். பிடியை விடச் சொன்னேன். செல்லமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங் மாமா, எங்கப்பன் பேரு சொல்ல இந்த ஊருல அது ஒண்ணுதானுங்களே இருக்குது?"

கண்ணை மூடும்போது நீ காடு வைத்துப் போனாயா, கிணறு வைத்துப் போனாயா? வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினேன். "இதுவுந்தான் அவன் பேரு சொல்லுது. தொட்டுப் பாரு சாமி."

கோணலாகக் கூடிய இடத்தைத் தடவிப் பார்த்தான். "இன்னும் வலிக்குதுங்களா?"

"மழ வாரத ஊருக்கு மொதல்ல சொல்றதே நான்தானே!"

சிரித்துவிட்டான். "செரி, உட்டுடறனுங்க. ஆனா செவுத்துல எழுதி வைக்கோணும். எங்கப்பன் பேரப் போட்டு, நீங்களே எழுதோணும்."

களத்தோரச் சாவடிச் சுவரில் கரியால் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண். "கருப்பண்ணன் பிடி இங்கே கூடாது." காலை முழுவதும் ஆயிற்று. நான் ஏறி நின்ற முக்காலியை அவன்தான் பிடித்துக்கொண்டான்.

ஆட்டத்தன்று தம்மம்பட்டிக்காரர் ஒருவர் அதை உரக்கப் படித்துவிட்டு, "யாருங்க அந்தக் கருப்பண்ணன்?" என்று கேட்டார். அவ்வளவுதான்! களமே உன் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. நீ பிடித்தவர்களை எல்லாம் எண்ணி முடிப்பதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. பிறகுதான் கோடு கிழித்தோம். ஒரு எலும்பும் முறியவில்லை. நாம் தோற்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் பிடி இல்லாமல் வேறென்ன ஆகும்?

உனக்கு வருத்தமா, மச்சான்? இருக்காது என்றே நினைக்கிறேன்.

கரியெழுத்து மழைக்கு நிற்காது. அழிந்தால் அழியட்டும். என் கை ஓடுகிறவரை, ஒவ்வொரு தையிலும் முக்காலி போட்டு ஏறி, உன் பேரை மறுபடி எழுதுவேன்.

காலைக் கொடுத்துப் பாவாயியைப் பெற்ற உன் மாப்பிள்ளை,
பழனியப்பன்