கொக்கியில் நான்கு கோடுகள்

கை முழுக்க மண்ணெண்ணெய் நாறுகிறது. நீ செத்த அன்றே கிணறு வெட்டும் கிரேனிலிருந்து கழற்றி, கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி வைத்திருந்த கொக்கியை இன்றுதான் துடைத்தேன். மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதி கல் நிரம்பிய தொட்டியோடு உன் மேல் விழுந்தது. துடைக்கத் துடைக்க, உடைந்த ஓரத்தில் ஆணியால் கிழித்த கோடுகள் தெரிந்தன. நான்கு. நீ போட்டவைதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கல்வராயன் அடிவாரத்துப் பாறைக் கிணற்றில் நீ அடியில், நான் மேலே லீவரில். கல் நிரம்பிய தொட்டியைக் கொக்கியில் மாட்டுவது உன் வேலை. ரோப்பு விறைக்கும்போது கொக்கி உன் மூஞ்சிக்கு நேரே இருக்கும். ஒருநாள் மேலே ஏறி வந்து, "கொக்கி விரிசல் வுட்டுக்கினு கீதுடா" என்றாய். வெறும் கொக்கியை நானும் முதலாளியும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. "இன்னாபா, கெணத்துக்குள்ளயே இருந்து கண்ணு பூத்துப்போச்சா?" என்றார் அவர். நான் சிரித்தேன்.

"எறக்கி வச்சிட்டுப் பாத்தா இன்னா தெரியும்? பாரம் ஏறுனா தொறக்குது, எறங்குனா மூடிக்குது. தொங்கும்போது வந்து பாருடா!" என்று கத்தினாய். தொங்கும்போது லீவரை விட்டு நான் எப்படி வருவது என்று கேட்டேன். தொட்டியை ஒரு சாண் தூக்கி, பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கி வந்திருக்கலாம். சோம்பேறித்தனம், வேறென்ன.

அதற்குப் பிறகு கடைசி நாள் வரை நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விரிசலின் நுனி எதுவரை வந்திருக்கிறது என்று அவ்வப்போது கோடு மட்டும் கிழித்திருக்கிறாய். முதல் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு நெல் நுழையாது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு நெல் படுக்கும். மூன்றிலிருந்து நான்கு, என் கட்டைவிரல் அகலம். ஒவ்வொரு தொட்டியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்திருக்கிறது. பிளக்கப் பிளக்க, மிச்ச இரும்பின் மேல் மொத்தப் பாரமும் ஏறி, வேகமாகப் பிளந்திருக்கிறது.

இத்தனையும் பார்த்துக்கொண்டு எதற்கடா இறங்கினாய்? அந்த ஆணியை என் மூஞ்சியில் விட்டெறிந்திருக்கக் கூடாதா? கடைசி நாள் காலையில், "இன்னிக்கு ஒரு நாளுதான். மாத்தலைன்னா நாளைக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏணியில் கால் வைத்தாய். நான் போய் லீவரைப் பிடித்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு ஒடைஞ்சிடுச்சு" என்று முதலாளி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். திடீரென்றா? கொக்கி உடைந்த பரப்பில் நான்காவது கோடு வரைக்கும் பழைய துரு. அதற்கப்பால் சுண்டுவிரல் அகலம்தான் புது உடைப்பு. அவ்வளவு இரும்பை நம்பித்தான் அன்று உன் தலைக்கு மேலே கல்லைத் தூக்கினேன்.

நாளை சங்கராபுரத்தில் விசாரணை. என்னைச் சாட்சிக்கு வரச் சொல்லியிருக்கிறார் முதலாளி. "கொக்கியப் பாத்தோம், ஒண்ணுமில்லைன்னு சொல்லு, போதும்" என்றார். அது பொய்கூட இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

போவேன். பார்த்தோம், ஒன்றும் இல்லை என்றே ஆரம்பிப்பேன். பிறகு இந்தக் கொக்கியை மேசை மேல் வைத்து, பாரம் இறக்கிய பிறகுதான் பார்த்தோம் என்பேன். தொங்கும்போது பார்க்கச் சொல்லி நீ கத்தியதைச் சொல்வேன். நான் சிரித்ததையும் சொல்வேன்.