உலர்ந்த சட்டை

அன்புள்ள ஆர்டிஸ்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், ஆனால் நாறுகிறேன்.

வேட்டை முகாமில் சமைக்க வந்த என்னை, பருவத்தின் கடைசி நாளான நேற்று என் பழைய மாணவன் ராய்ஸ் மலைக்கு அழைத்துப் போனான். அவன் வீட்டுக்குக் குளிர்கால இறைச்சி இன்னும் கிடைக்கவில்லை. வியர்வை வாடை பட்டால் மான் ஓடிவிடும். அதனால் உச்சியில் உடம்பைத் துடைத்து, உலர்ந்த சட்டைக்கு மாறவேண்டும். பையைத் திறந்தால், ஆண்மானை இழுக்க ராய்ஸ் அதில் செருகியிருந்த பெண்மான் மூத்திரப் புட்டி உடைந்து, விடைத்தாளில் மை கொட்டியதுபோல் சட்டையெல்லாம் ஊறியிருந்தது.

"போட்டுக்கோங்க வாத்தியாரே, மாப்பிள்ளை மான் உங்களைத் தேடி வரும்!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு போட்டேன். ஆண்மான் வந்து என் தோளையே முகர்ந்தது. ராய்ஸ் வெடித்துச் சிரித்தான். மானும் போயிற்று, இறைச்சியும் போயிற்று.

மூன்று முறை குளித்தும் நாற்றம் விடவில்லை. உன் தலையணை உறை ஒன்றை அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

தபால் வண்டி வந்துவிட்டது.

உன்
வெர்லின்