இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூ

திட்ட வேண்டிய நேரத்தில் சிரித்துவிடும் என் சரசு அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கங்கெட்ட காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதில், மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தோட்டத்து மாரியம்மன் முன்னால் நின்று, அந்த அம்மனையே ஏமாற்றினேன். நீ போய் ஒரு வருஷம் முடியவில்லை, அதற்குள் உன் தம்பி இந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறான்.

விஷயம் இதுதான். கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு தையல் கடையில் எனக்குக் கட்டிங் மாஸ்டர் வேலை வந்தது. போவதா, நம் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலேயே கிடந்து தினமும் பஸ் ஏறி பதுளை டவுனில் என் பெட்டிக்கடை அளவு தையல் கடையைத் திறப்பதா என்று வீட்டில் மூன்று வாரம் ஒரே பேச்சு. என் மனைவி ராஜிக்குப் பொறுமை போய்விட்டது.

"பேசிப் பேசி என் வாய்தான் வலிக்குது. பூ கட்டிப் பாத்துருவோம். மாரியம்மா சொல்றபடி செய்ங்க" என்றாள்.

உனக்குத் தெரிந்ததுதான், இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் சிவப்பு அரளி. இரண்டையும் அம்மன் காலடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போ, சிவப்பு வந்தால் இரு. பொட்டலம் கட்டியவர் எடுக்கக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவும் கூடாது, அப்படியே ஓடையில் விட்டுவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் எவ்வளவு பெரிய ஓட்டை இருக்கிறது, பார்த்தாயா? கட்டுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளையை வைத்தேன்.

ராஜி கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

"வெள்ளை!" என்றேன், பக்தியோடு.

"இன்னும் பிரிக்கவே இல்லீங்களே."

"இல்ல... இலை ஓரத்துல தெரிஞ்சிச்சு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிரித்தாள். வெள்ளைதான். மற்றப் பொட்டலத்தை நான் அவசரமாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

"எங்க போறீங்க?"

"ஓடையில விடணும்ல."

"ஓடை இந்தப் பக்கம் இருக்கு."

அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றைக்கே லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு, "என்ன மாஸ்டர், கொழும்புக்குப் போறீங்களாம்ல? அங்கதான் எல்லாரும் கவுனுக்கு மாறிட்டாங்களாமே. யாருக்கு ரவிக்க தைக்கப் போறீங்க?" என்றாள். "உனக்குத் தச்ச ரவிக்கையப் பாத்துட்டுத்தான் கூப்பிடுறாங்க" என்றேன். "அப்ப பஸ்ஸுல ஏறினதும் எறக்கி விட்டுருவாங்க" என்றாள். போன தீபாவளிக்குத் தைத்த கையின் இறுக்கத்தை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். கொழும்பு விலைவாசியைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அக்கா. வாடகை என்ற சொல்லே தெரியாமல் லயத்தில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே ஒரு மாடிப்படிக்குக் கீழே பாய் விரிக்கவும் வாடகையாம். நம் மலையில் கொய்த தேயிலையில் போட்ட பிளேன்டீக்கு இங்கே கொடுப்பதைப் போல இரண்டு மடங்காம். வெலிமடை லீக்ஸ் லொறியில் ஏறி அங்கே இறங்கியதும் அதற்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது. அதே பாதையில் நான் போய் இறங்கினால் எனக்கும் வருமா, அல்லது வழியிலேயே வாடிவிடுவேனா?

குடும்பத்தோடு போக வழியில்லை. நான் மட்டும் போய், நான்கு பேரோடு ஓர் அறையில் ஒடுங்கிக்கொண்டு, மிச்சம் பிடித்ததை அனுப்ப வேண்டும். இங்கே இருக்கலாம் என்றால், டவுனில் தைத்து முடித்த ரவிக்கைகள் கடை கடையாகத் தொங்குகின்றன. அளவு கொடுக்க வந்து, கூடவே மாமியார் கதையும் சொல்லிவிட்டுப் போகும் பெண்கள் குறைந்துவிட்டார்கள். துணி வராதது ஒரு கஷ்டம் என்றால், ஊர்க்கதை வராதது எனக்கு இரண்டாவது கஷ்டம். மகள் தர்ஷினிக்கு மேலே படிக்க ஆசை. இவ்வளவையும் அடுக்கிச் சொன்னால் போவதுதான் சரி என்று எவரும் சொல்வார்கள்.

நீ சொல்வாயா? வேலைக்கு என்னைக் கூப்பிட்டது யார் என்று இன்னும் உன்னிடம் சொல்லவில்லையே. உன் கூட்டாளி செல்லமணி.

திருவிழாவுக்கு வந்திருந்தாள். இப்போது அந்தக் கடைக்கே அவள்தான் முதலாளி. நான் வெட்டிய ஒரு ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சரசு கை மாதிரியே இருக்கு, கணேசு" என்றாள். பிறகு, "அப்ப ஒங்க அக்கா வருவான்னு எங்க மொதலாளி ஒரு மெஷின் போட்டு வச்சிருந்தாரு. ஆறு மாசம் யாரையும் ஒக்கார விடல" என்றாள்.

எனக்கு வாயில் இருந்த வடை இறங்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நீயும் அவளும் சேர்ந்து போக இருந்த கடை அது. கன்னியாஸ்திரிகளின் தையல் வகுப்பில் உங்கள் இருவரில் நீதான் கெட்டிக்காரி. போவதற்கென்று ஊதா நிறத்தில் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாய். அப்பா வழக்கம்போல முழுப் போதையில், "என்னமோ செய்" என்றார். நீதான், "எதுக்கும் பூ கட்டிப் பாத்துக்கிறேன்" என்றாய். பொட்டலம் கட்டித் தரும்படி என்னிடம் கேட்டாய். வேறு யாரையும் நீ நம்பவில்லை.

அன்றைக்கு இரண்டிலும் சிவப்பு வைத்தேன், அக்கா.

பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து எழுதலாம். இல்லை. வீட்டில் ஒருவர் பெயராவது தோட்ட வேலைக்குப் பதிந்திருந்தால்தான் காம்பரா நமக்கு. அம்மா போன பிறகு அது உன் பெயர். நீ போனால் நான் பெயர் பதிய வேண்டும், குளிரும் இருட்டுமான விடியலில் எழுந்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். எனக்குத் தூக்கம் முக்கியமாக இருந்தது. அப்புறம், எனக்கு ரொட்டி சுடத் தெரியாது. இவ்வளவுதான். ஒரு மனுஷியின் வாழ்க்கையை நிறுத்தி வைத்ததற்கான காரணங்கள் இவை.

நீ பொட்டலத்தைப் பிரித்தாய். சிவப்பு. பூவை அம்மன் காலடியில் திரும்ப வைத்தாய். "சரி, மாரியம்மா வேணாங்கிறா" என்றாய். அழவில்லை. மறுநாள் அதே ஊதா ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனாய். அதில் இன்னும் கொக்கி தைக்கவில்லை. ஊக்கு குத்தியிருந்தாய். கடைசி வரைக்கும் அதற்குக் கொக்கி தைக்கவே இல்லை.

நான் அதற்குப் பிறகு என்ன செய்தேன்? நீ மலைக்குப் போன நேரத்தில் உன் மெஷினில் உட்கார்ந்து கால் மிதித்துப் பழகினேன். தொழில் கைக்கு வந்ததும் அந்த மெஷினையும் டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "எடுத்துட்டுப் போடா, எனக்கெதுக்கு" என்றாய். நீ அட்டைக்கடியோடு வீட்டுக்கு வருவாய், நான் கழுத்தில் அளவு நாடாவோடு வருவேன். தோட்டத்தில் எல்லாரும் என்னை மாஸ்டர் என்றார்கள். நீயும்தான் கேலியாக, "மாஸ்டருக்குச் சோறு போடட்டா?" என்பாய். அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியது என்று யோசிக்கிறேன். நன்றாகவே இறங்கியது. இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை வாயெடுத்தேன். முதல் தடவை நர்ஸ் வந்துவிட்டாள். இரண்டாவது தடவை யாரும் வரவில்லை. அப்போது பாக்கியத்தின் மருமகள் கோபித்துக்கொண்டு கொஸ்லந்தைக்குப் போய்விட்ட கதையைச் சொன்னேன். நீ இருமலோடு சிரித்தாய். உனக்குத் தெரிந்திருந்ததா, அக்கா? தெரிந்துதான் சிரித்தாயா?

அதனால் அம்மனைக் கேட்டது செல்லாது. கேட்க வேண்டியது உன்னைத்தான். உன்னை உட்கார விடாமல் நான் தடுத்த மெஷினில் நானே போய் உட்காரலாமா? நீ "இரு" என்றால் அது நியாயம். "போ" என்று சொல்லிவிடுவாய் என்பதுதான் எனக்குப் பயம். நீ அப்படிப்பட்டவள்தான்.

கோயிலிலிருந்து திரும்பும்போது தர்ஷினி கேட்டாள்: "அப்பா, நான் மட்டக்களப்புக்குப் படிக்கப் போறதுக்கும் இப்பிடிப் பூ கட்டுவீங்களா?" ராஜி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குச் செருப்பு வாரைச் சரி செய்யும் வேலை வந்துவிட்டது.

உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அவள் மட்டக்களப்புக்குப் போனாலும், வேறெங்கே போனாலும், அவளுடைய பொட்டலத்தில் என் கை படாது. உன் திவசத்துக்கு வந்து, படையல் போட்ட பிறகு, ராஜி, தர்ஷினி, பாக்கியம் உட்பட எல்லார் முன்னாலும் அந்தச் சிவப்புப் பூவைப் பற்றிச் சொல்வேன். பாக்கியம் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள். கட்டட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது; இன்னும் மலையிலேயே இருப்பவன்போல இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தை வெள்ளவத்தையில், செல்லமணியின் கடைக் கட்டிங் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன். நான் இங்கே வந்து பதினெட்டு நாளாகிறது.

உன் கூடப் பிறந்த தம்பி,
கணேசு