கண் மட்டும் விழுந்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு, அந்தமானிலிருந்து ஜீவா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்கும் கேட்கும், அதனால்தான் கடிதம்.

நேற்று ஒரு கூத்து. கடலுக்கடியில் படமெடுக்க, தண்ணீர் புகாத கூட்டுக்குள் கேமராவை வைத்து மூடுவோம். எந்த லென்ஸ், கூட்டுக்கு எந்த முன்கண்ணாடி என்று படகிலேயே முடிவுசெய்ய வேண்டும். உள்ளே போனபின் மாற்ற முடியாது. விரல்நகம் அளவு இறாலை எடுக்கலாமென்று மேக்ரோ லென்ஸும் தட்டைக் கண்ணாடியும் போட்டேன். எதிரே வந்ததோ கட்டில் அகலத்துக்கு ஒரு திருக்கை மீன். படத்தில் அதன் கண் மட்டும்தான் விழுந்தது. அகல லென்ஸும் கவிழ்த்த கிண்ணம் போன்ற கண்ணாடியும் போட்டிருந்தால் முழுசாக வந்திருக்கும். படகில் வந்திருந்த டூரிஸ்டுகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அப்புறம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் நீ காட்டும் அப்பாவும் இப்படித்தான், நெற்றியும் கண்ணும் மட்டும். "நல்லா சாப்புட்டுக்கினு இருக்காருடா" என்கிறாய். உனக்குப் போன் பிடிக்கத் தெரியவில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அவரை டவுன் பஸ்ஸில் கூட்டிப்போகாதே, ஆட்டோ பிடித்துக்கொள். படகுக்குக் கூப்பிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனைக் கால்மாட்டில் நின்று பிடி அம்மா. எவ்வளவு இளைத்திருந்தாலும் முழுசாகக் காட்டு. அவர் முன்னால் அழமாட்டேன்.

ஜீவா