தண்ணீர் நிற்காத தொட்டி

மார்ச் 3, செவ்வாய்
சபையில் புதிதாகக் கட்டிய ஞானஸ்நானத் தொட்டியில் மறுபடியும் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நேற்று மாலை விளிம்புவரை நிரப்பினேன், காலையில் முழங்கால் அளவுதான். பதினைந்தாம் தேதி ஞானஸ்நானம், என் மனைவியும் எடுக்கிறாள். குழாய் வேலை என்னுடையது, பூச்சும் டைல்ஸும் கொத்தனாருடையது. நான் போட்ட ஜாயின்ட் ஒழுகியதாகச் சரித்திரமே இல்லை.

பாஸ்டர் என் தோளில் கைபோட்டு, "நீங்களும் அவங்களோட சேர்ந்து இறங்கலாமே?" என்றார்.

"மனந்திரும்புற அளவுக்கு நான் என்ன பண்ணிட்டேன் பாஸ்டர்? யார் குடியைக் கெடுத்தேன்?"

சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புதான் எரிச்சல்.

மார்ச் 5, வியாழன்
நிற்கவில்லை. தலை வெடிக்கிறது.

மார்ச் 6, வெள்ளி
சபைப் பெரியவர்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டேன் — பூச்சு சரியில்லை என்று. கொத்தனார் மெதுவாக, "அண்ணே, உங்க ஜாயின்டையும் ஒரு தடவை பிரிச்சுப் பாத்துருங்களேன்" என்றான். எனக்கே பாடமா? "உன் தப்பை என் தலையில கட்டாதே" என்று கத்தினேன். அவனுக்குப் பேசியிருந்த சுற்றுச்சுவர் வேலையையும் பெரியவர்கள் பிடுங்கிவிட்டார்கள். அது அவர்கள் முடிவு. நான் என்ன செய்ய?

மார்ச் 8, ஞாயிறு
பிரசங்கம்: தேவன் நீதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்டவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள், நமக்கெதற்கு என்றவர்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். பாஸ்டர் என்னையே பார்த்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா? நீதியாம். ஒழுங்காக உழைக்கிறவனுக்கு முதுகுவலி, இதுதான் நான் கண்ட நீதி. வீட்டுக்கு வந்து மனைவிமேல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 11, புதன்
வேறொரு ஆள் டைல்ஸைப் பெயர்த்து, புதிதாகப் பூசி ஒட்டிவிட்டான். தண்ணீர் விட்டோம். இறங்குகிறது. ஐயோ.

மார்ச் 12, வியாழன்
தொட்டிக்கு அடியில் மண்ணைத் தோண்டி, படுத்துக்கொண்டே கழிவுக்குழாயைக் கழற்றினேன். ஒழுகாமலிருக்க மரையில் சுற்றவேண்டிய டேப்பே சுற்றவில்லை. நான்தான். போன் பேசிக்கொண்டே முறுக்கியது ஞாபகம் வருகிறது. சீ!

டேப்பைச் சுற்றி இறுக்கினேன். மண்ணை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? புதுப் பூச்சால் நின்றது என்பார்கள். எல்லோருக்கும் நல்ல பெயர் — அவனைத் தவிர.

எழுந்திருக்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது. ஆண்டவரே, உம்ம பக்கம்தான் நியாயம். ஒருத்தன் பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே.

மார்ச் 13, வெள்ளி
கொத்தனார் வீட்டு வாசலில் நின்று சொன்னேன். "அன்னைக்கே சொன்னேன்ல" என்றான். கதவைச் சாத்திவிட்டான். சாத்தாமல் என்ன செய்வான்? அங்கிருந்து நேராகப் பாஸ்டரிடம் போனேன். எல்லோர் முன்னாலும் பழி போட்டேன், எல்லோர் முன்னாலும்தான் அந்தப் பழியை எடுப்பேன் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு
தண்ணீர் அப்படியே நின்றது. "பூச்சுல ஒரு குறையும் இல்ல, தப்பு என்னோடது" என்று சபை முன்னால் சொன்னேன். கடைசி வரிசையில் கொத்தனார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு மனைவி தொட்டியில் இறங்கினாள்.

இப்போது கொடியில் அவள் உடைக்குப் பக்கத்தில் என் சட்டையும் பேன்ட்டும் சொட்டிக்கொண்டிருக்கின்றன. நானும் இறங்குவேன் என்று நினைக்காததால் மாற்றுத்துணி, துண்டு எதுவும் கொண்டுபோகவில்லை. நடுவில் தொங்கும் நீலத் துண்டு கொத்தனாருடையது. "தலையைத் துவட்டுங்க அண்ணே, சளி பிடிச்சுக்கும்" என்று நீட்டினான். பெரியவர்கள் திருப்பிக் கொடுத்த சுற்றுச்சுவர் வேலைக்கு நாளை வருவான், அங்கேயே கொடுத்துவிடலாம்.