பெண் பார்க்க வர வேண்டாம் என்றது நான்தான்

மஸ்கட்

அன்புத் தங்கச்சி மைமூனுக்கு, ஓமன் நாட்டுச் சமையல்கட்டுகளின் சக்கரவர்த்தி பீர்கண்ணு அண்ணனின் சலாம். நான் சுகம். நீயும் மச்சானும் மகள் ரிஸ்மாவும் சுகம்தானே?

போனில் சொன்னால் மச்சான் காதில் விழும். அதனால்தான் ஊருக்கு வரும் சுலைமான் கையில் இந்தக் கடிதம்.

வியாழக்கிழமை குளச்சல்காரர்கள் ரிஸ்மாவைப் பெண் பார்க்க வரமாட்டார்கள். அன்றைக்கு அவளுக்கு ஜெர்மனி விசா நேர்காணல் என்று தெரிந்தே மச்சான் அந்த நாளைக் குறித்தாரே, நியாயமா? மாப்பிள்ளையின் உம்மாவுக்கு நானே போன் போட்டேன். "எங்க பிள்ளை காலையில நாப்பது பரோட்டா தின்னுவா. அவ குறட்டை விட்டா, புயல் எச்சரிக்கைன்னு தேங்காப்பட்டணத்து மீன்பிடி போட்டெல்லாம் கரைக்குத் திரும்பிரும்" என்றேன். அந்தம்மா சலாம்கூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

மச்சான் எவ்வளவு திட்டினாலும் மன்னிப்புக் கேட்கமாட்டேன். "பொம்பளப்பிள்ளை அங்க தனியா எப்படி இருப்பா?" என்கிறாராம். முட்டை அவிக்கக்கூடத் தெரியாத என்னைப் பத்தொன்பது வயதில் விமானம் ஏற்றியபோது ஒருத்தரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும். அதை விடு.

சுலைமானிடம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. ரிஸ்மாவுக்கு மஸ்கட் வழியாகப் போகும் விமானத்தைப் பாரு. இடையில் வெளியே விடமாட்டார்களாம், பரவாயில்லை. நேரத்தை மட்டும் சொல்லு, மொட்டைமாடியில் நின்று கையாட்டுகிறேன்.

அடுப்பில் சோறு குழைகிறது. வியாழன் விடியும் முன்னே அவளைத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடு, ஏட்டி. மச்சான் கேட்டால், நாற்பது பரோட்டா வாங்கப் போயிருக்கிறாள் என்று சொல்லு.

உன் அண்ணன்
பீர்கண்ணு