மூன்றாம் ஓலை

2024 செப்டம்பர் 8, ஞாயிறு

மாதா பிறந்தநாள். கோவிலில் நல்ல கூட்டம். சாயங்காலம் ஏழு மணிக்கு வழக்கம்போல மனைவி பவுலினாவின் ஃபோன் அடித்தது. அலபாமாவில் அப்போது காலை எட்டரை. மகள் அனிட்டா அம்மாவிடம் பேசுகிற நேரம். நான் டிவி சத்தத்தைக் குறைத்தேன். எழுந்து போகவில்லை. ஒன்பது ஞாயிறாக இதே கதைதான். மகள் என்ன சாப்பிட்டாள் என்பதை மனைவியின் பதிலை வைத்துக் கண்டுபிடிக்கிறேன். இன்று உப்புமா போலிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் மார்கஸ். அவள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அமெரிக்கக் கறுப்பன். ஜூலையில் போட்டோ அனுப்பினாள். “இவனைக் கட்டினால் எனக்கு மகளே இல்லை” என்றேன். அன்றோடு அவள் என்னைக் கூப்பிடுவதை விட்டாள். நானும்தான்.

செப்டம்பர் 15

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பையனுக்கு வேலை இருக்கிறது. குடி கிடையாது. கத்தோலிக்கன், ஞாயிறு பூசை தவறாதவன். இத்தனை பொருத்தம் எங்கள் மூக்கண்டப்பள்ளி முழுக்கச் சலித்தாலும் கிடைக்காது. இத்தனைக்கும் மேல் நிறப் பொருத்தம் பார்க்கிறேன் நான். கண்ணாடி முன்னால் நின்று இதைச் சொல்ல முடியுமா?

செப்டம்பர் 22

இன்று ஃபோனில் அவள் சிரிப்பது கேட்டது. எதற்கென்று பவுலினா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 6

டிசம்பர் 28 அங்கே கல்யாணமாம். அதற்கு முன் இங்கே ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு, பூசையில் எல்லார் முன்னாலும், பெண் பெயர், பையன் பெயர், இருவர் தகப்பன் பெயர். தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால் சாமியார் கடிதம் கொடுப்பார். அந்தக் கடிதம் போனால்தான் அங்கே கோவில் கல்யாணம். பெண்ணின் தகப்பன் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பங்குக் கோவில் வழக்கம்.

பவுலினா படிவத்தைக் கையில் கொடுத்தாள். போனேன், கோவில் கேட் வரைக்கும். திரும்பி வந்து, “சாமியார் ஊர்ல இல்ல” என்றேன்.

அக்டோபர் 20

பவுலினாவிடம் அகப்பட்டுக்கொண்டேன்.

“சாமியார நானே பாத்துக் கேட்டேன். ரெண்டு வாரமா எங்கயும் போவலயாம். அறுவது வயசுல பொய் சொல்லிக்கினு திரியிறீங்க.”

“ஜனம் என்னா சொல்லும்?”

“ஒங்க நெறம் மட்டும் என்னா, பால்ல முக்கி எடுத்ததா?” என்றாள். பிறகு வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: “ஜனவரியில ரெண்டு பேரும் இங்க வரேங்கிறாங்க. நீங்க கதவச் சாத்துனா லாட்ஜில தங்கிக்கிறாங்களாம்.”

என் மகள் ஓசூருக்கு வந்து லாட்ஜில் தங்குவாளா! நாலு வருஷமாகிறது அவளைப் பார்த்து. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

அக்டோபர் 27

ஏழு மணிக்குப் பவுலினா குளித்துக்கொண்டிருந்தாள். ஃபோன் விடாமல் அடித்தது. நின்றுவிடுமோ என்ற பயத்தில் எடுத்துவிட்டேன்.

திரையில் ஒரு வயதான அம்மா. வெள்ளை முடி, நல்ல கறுப்பு, பெரிய கண்ணாடி. மார்கஸின் அம்மா எவலின். பக்கத்திலிருந்து அனிட்டாவின் குரல்: “அவங்க ஒங்ககிட்ட பேசணுமாம். நான் தமிழ்ல சொல்றேன்.” அப்பா என்ற வார்த்தை வரவில்லை.

அந்தம்மா கேட்டார்: “நீங்க ஜெயிலுக்குப் போனீங்களாமே?”

அனிட்டா சொல்லியிருக்கிறாள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருந்தது. ஊர்க்காரர்கள் இந்தப் பக்கம், காலனிக்காரர்களான நாங்கள் அந்தப் பக்கம். வேதம் ஒன்று, பூசை ஒன்று, செத்தால் மட்டும் தனி. எண்பத்தாறில் நாங்கள் ஒன்பது பேர் கடப்பாரையோடு போனோம். எனக்கு இருபத்திரண்டு வயது. பதினோரு நாள் உள்ளே.

“நான் ஆறு நாள்” என்றார் எவலின். “அறுபத்து மூணு மே மாசம், பர்மிங்ஹாம். எனக்குப் பதிமூணு வயசு. வெள்ளைக்காரங்க உக்கார்ற கடையில நாங்களும் உக்காரணும்னு பள்ளிக்கூடத்த விட்டு ஊர்வலம் போனோம். தண்ணியப் பீச்சி அடிச்சாங்க. நாய ஏவி விட்டாங்க. எப்படியும் ஜெயில்தான்னு பல்லு வெளக்குற பிரஷ்ஷ மொதல்லயே கவுன் பாக்கெட்டுல வச்சுக்கினு போனேன்.”

பிறகு கேட்டாரே ஒரு கேள்வி: “ஒங்களுக்கு உள்ள என்ன சாப்பாடு குடுத்தாங்க?”

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. “கஞ்சிங்க. கல்லு கெடக்கும்.” அவர்களுக்கும் கஞ்சிதானாம், சோள நொய்யில். அதிலும் கல்லாம். அந்தம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

“செவுரு விழுந்துச்சா?”

“விழுந்துச்சுங்க.” பொய் இல்லை, விழத்தான் விழுந்தது. ஆனாலும் சொல்லும்போது உடம்பு கூசியது.

பத்து நிமிஷம் அனிட்டா குரலைக் கேட்டேன். அத்தனையும் அவர் பேச்சு. தன் பேச்சாக ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்கலாமே நான், நல்லா இருக்கியாம்மா என்று.

நவம்பர் 4, திங்கள்

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதோடு வந்திருக்கக் கூடாதா? படிவத்தை வாங்கிய கோவில் உபதேசியார், “மார்கஸ்... அமெரிக்கா... வெள்ளக்காரருங்களா?” என்றார். தலையாட்டிவிட்டேன். ஒரு நொடிதான். இந்தத் தலையை என்ன செய்வது?

நவம்பர் 10

முதல் ஓலை. பூசை முடிந்து ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். “வெள்ளக்கார மருமவனா! பேரப்புள்ளைங்க ரோஸ் கலர்ல பொறக்கும்!” பவுலினா கைப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள்.

நவம்பர் 11

பக்கத்து வீட்டு நாராயணம்மா வீட்டில் தெலுங்குதான் பேச்சு, நம் கோவிலுக்கு வருகிறவரும் இல்லை. அவர் காதுக்கும் எட்டிவிட்டது. “தெல்ல அல்லுடாமே, வெள்ள மருமவன்! சந்தோசம்ண்ணா” என்று ஒப்பட்டுப் போளி கொண்டுவந்தார். தட்டை மூடி வைத்துவிட்டேன்.

நவம்பர் 17

இரண்டாம் ஓலை. வீட்டுக்கு வந்ததும் பவுலினா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

“வெள்ளக்காரன்னு சொன்னது நீங்கதான?”

“சொல்லல. தலையத்தான் ஆட்டுனேன்.”

“செவுத்த இடிச்ச ஆளுன்னு பெருமையாத்தான ஒங்களக் கட்டிக்கினேன்.” அழுதாள். “அனிட்டாகிட்ட சொல்லிட்டேன். ‘அப்படின்னா நாங்க அங்க வரவே வேணாம்மா, கடுதாசி மட்டும் அனுப்புங்க’ன்னுட்டா.”

வரமாட்டா. லாட்ஜுக்குக்கூட வரமாட்டா. நான் சாவுறதுக்குள்ள பாப்பனா? அவன் மூஞ்ச மறைக்கப் போயி எம் பொண்ணு மூஞ்சே எனக்கு இல்லாம பண்ணிக்கிட்டேனே.

நவம்பர் 24

மூன்றாம் ஓலை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாமியார் வாசித்தார். “இத்திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்.” யாரும் எழுந்திருக்காத இடம் அது. நான் எழுந்தேன். கோவிலே திரும்பிப் பார்த்தது. பெற்ற தகப்பனே தடை சொல்கிறானா என்று. பவுலினா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“தடை ஒண்ணும் இல்ல சாமி. நான் ஒரு பொய் சொல்லிட்டேன், அதத் திருப்பி எடுத்துக்கணும். மாப்பிள்ள வெள்ளக்காரர் இல்ல. கறுப்பர். அவங்கம்மா பதிமூணு வயசுல, மனுசன மனுசனா நடத்துங்கடான்னு ஜெயிலுக்குப் போனவங்க. அந்தக் குடும்பத்துக்கு எம் பொண்ணக் குடுக்கறேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு. இப்ப அந்த வெக்கத்துக்குத்தான் வெக்கமா இருக்குது.”

சாமியார், “உக்காருங்க ஜான்பீட்டர்” என்றார். பிறகு, தடை இல்லை என்று அறிவித்தார்.

வெளியே, முதல் ஓலையன்று கை கொடுத்தவர்களில் பாதிப் பேர் செருப்புத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். உபதேசியார் என் பக்கமே வரவில்லை. பாடகர் குழுவில் பாடுகிற லாவண்யாவின் அம்மா மட்டும் வந்தார். “எம் பொண்ணு கறுப்புன்னு மூணு எடம் தட்டிப் போச்சுங்கண்ணா” என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

டிசம்பர் 1

ஏழு மணி. பவுலினா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்தாள்.

“அம்மா சொன்னாங்க, கோவில்ல பேசுனீங்கன்னு” என்றாள் அனிட்டா.

“ஆமாம்மா.”

“என்கிட்ட இன்னும் பேசல நீங்க.”

நல்லா இருக்கியாம்மா என்றேன். அழுகிறாள் என்று தெரிந்தது. பிறகு வைத்துவிட்டாள். சாமியார் கொடுத்த கடிதம் கூரியரில் போய்விட்டது.

டிசம்பர் 8

ஏழு மணிக்கு ஃபோன் அடித்தது. பவுலினாவுடையது அல்ல, என்னுடையது. சார்ஜில் கிடந்தது, ஒயரோடு பிடுங்கி எடுத்தேன்.

“அப்பா, ஜனவரி பதினொண்ணு பெங்களூருக்கு டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு பேரும் வர்றோம். ஏர்போர்ட்டுக்கு யாரு வர்றீங்க?”

நான் தேதியைக் குறிக்கப் பேனா தேடினேன். பவுலினா ஃபோனை வாங்கி, “அவருதான் வருவாரு” என்றாள்.